கல்லூரியை நேரில் போய்ப் பார்ப்பது: பிளஸ் டூ பிள்ளைகளும் வீட்டாரும் கேட்கிற கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஒரு சின்ன கணினி மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், வருமானச் சான்றிதழ், கரண்ட் பில் எல்லாம் உண்டு. மே மாதம் வந்துவிட்டால் கல்லூரி விண்ணப்பம்தான் முழுநேர வேலை. கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போட வருகிற பிள்ளைகள் திரையில் கல்லூரியின் எண்ணைக் காட்டி, "அக்கா, இது எங்க இருக்கு?" என்று என்னிடமே கேட்பார்கள். ஒரு சேலை எடுக்க நாகர்கோவிலில் நாலு கடை ஏறி இறங்குகிற ஆட்கள் நாம். நாலு வருஷம் படிக்கப் போகிற இடத்தை மட்டும் பார்க்காமலே எடுத்துவிடுகிறோம். வருஷா வருஷம் ஒரே சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

"ரிசல்ட் வரட்டும், மார்க் தெரிஞ்ச பிறகு போய்ப் பாத்தா போதாதா அக்கா?"

போதாது. பொதுத்தேர்வு மார்ச்சில், ரிசல்ட் மே மாதத்தில். அந்த நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பருவத் தேர்வு முடிந்து ஊருக்குப் போயிருப்பார்கள். நீங்கள் பார்ப்பது புதுசாகப் பெயின்ட் அடித்த சுவரையும், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற அட்மிஷன் ஆட்களையும்தான். வகுப்பு நடக்காத கல்லூரியைப் பார்ப்பது, அடுப்பு மூட்டாத கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டு சாப்பாடு எப்படி என்று கேட்கிற மாதிரி.

மார்க் வந்த பிறகு வீட்டில் ஒரு பதற்றமும் சேர்ந்துகொள்ளும். சித்தப்பா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு சார் ஒன்று சொல்வார். அந்தக் கூச்சலுக்கு நடுவே, "நான் அங்க போய்ப் பாத்திருக்கேன்" என்று பிள்ளை ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் அதற்கு ஒரு மரியாதை இருக்கும்.

"அப்போ எப்ப போவது? பிளஸ் டூல லீவே கிடைக்காதே."

பிளஸ் ஒன்னிலேயே தொடங்குங்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறை நல்ல காலம். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், கல்லூரியில் வகுப்பு நடக்கும்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு வசதி இருக்கிறது. 1956-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் என்பதால் நவம்பர் 1 இங்கே உள்ளூர் விடுமுறை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 விடுமுறை. அன்றைக்கு திருநெல்வேலி, மதுரையில் எல்லாம் சாதாரண வேலை நாள். வெளி மாவட்டக் கல்லூரிகளைப் பார்க்க இதைவிடத் தோதான நாள் கிடையாது. ஆனால் அதே நாளில் நாகர்கோவில் கல்லூரிக்குப் போனால் பூட்டைப் பார்த்துவிட்டு வரலாம். ஓணத்துக்கு இங்கே லீவு விடுகிறார்களே என்று திருவனந்தபுரத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே அதைவிடப் பெரிய லீவு.

நவம்பர் என்றால் மழை இருக்கும்தான். இருக்கட்டும். எந்த வராந்தா ஒழுகுகிறது, எந்தக் கட்டடத்துக்குப் போக முழங்கால் தண்ணீரில் இறங்கணும் என்பதெல்லாம் வெயிலில் தெரியாது.

"எத்தனை காலேஜ் பாக்கணும்? எல்லாத்துக்கும் போக முடியுமா?"

நாலு, மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் போனால் எது எந்தக் கல்லூரி என்று மனசில் குழம்பிவிடும்.

முதலில் பக்கத்தில் ஒன்று. சேர்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எப்படிப் பார்ப்பது என்று பழகத்தான். கலை, அறிவியல் என்றால் நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, பெண்களுக்கு ஹோலி கிராஸ் கல்லூரி இருக்கின்றன. மேற்கே மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறித்தவக் கல்லூரி, தெற்கே அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா கல்லூரி. நாகர்கோவிலை ஒட்டிய கோணம் என்கிற ஊர் இன்னும் வசதி. அரசு கலை அறிவியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியான பொறியியல் கல்லூரி, அரசு பாலிடெக்னிக் மூன்றும் அங்கேதான். ஒரே நாளில் மூன்று விதமான படிப்பைப் பார்த்துவிடலாம். அடுத்த பயணம் திருநெல்வேலிக்கு. நாகர்கோவில் வடசேரியில், வழியில் நிற்காத எண்ட் டு எண்ட் பஸ் ஏறினால் மதியத்துக்குள் பாளையங்கோட்டையில் இரண்டு கல்லூரி பார்த்துவிடலாம்.

பொறியியலுக்கு வீட்டிலிருந்தே கொஞ்சம் சலித்துவிட்டுக் கிளம்புங்கள். கணக்கு மதிப்பெண் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் 50, 50-க்குக் குறைத்து, மொத்தம் 200-க்கு கட்-ஆஃப். போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பது கவுன்சலிங் இணையதளத்தில் கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தைப் பருவ வாரியாக வெளியிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும். மிச்சத்தில் கைக்கு எட்டாததுபோல் ஒன்று, நிச்சயம் கிடைக்கும் என்று ஒன்று, நடுவில் இரண்டு.

"முன்கூட்டி சொல்லாம போனா வாட்ச்மேன் உள்ள விடுவாரா?"

சில இடத்தில் விடுவார், சில இடத்தில் சட்டைப் பையைப் பார்ப்பார். இரண்டு நாள் முன்னால் கல்லூரி அலுவலகத்துக்கு போன் போடுங்கள். "பிளஸ் டூ படிக்கிறேன் சார், வேதியியல் துறையைப் பாக்கணும், புதன்கிழமை பத்தரைக்கு வரலாமா?" என்று பிள்ளையே பேசட்டும். அப்பா பேசினால் அட்மிஷன் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பிள்ளை பேசினால் பெரும்பாலும் துறைக்கே அனுப்பிவிடுகிறார்கள். பள்ளி அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பெண்கள் கல்லூரியில் அப்பாவையும் அண்ணனையும் வாசலிலேயே நிறுத்திவிடுவது உண்டு, அதனால் அம்மாவோ அத்தையோ கூட வருவது நல்லது.

அரசுப் பள்ளியில் படிக்கிறீர்கள் என்றால் நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரியைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போவார்களா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். ஆனால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் போனால் கலையரங்கத்தில் உட்கார வைத்துப் பேசி அனுப்புவதோடு முடிந்துவிடும். பிடித்திருந்தால் தனியாக ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

"எனக்க மோளுக்க அப்பா துபாய்ல. எனக்கு இதெல்லாம் தெரியாது. யாரு கூட்டிட்டுப் போவா?"

நீங்கள்தான். இந்த மாவட்டத்தில் பாதி வீட்டில் அப்பா வளைகுடாவிலோ, தூத்தூர் பக்கம் என்றால் ஆழ்கடலிலோதான் இருக்கிறார். படித்தவர்கள்தான் போகணும் என்று ஒன்றும் இல்லை. ஒருமுறை ஒரு அம்மா மகளோடு போய்விட்டு வந்து என்னிடம் சொன்னது இது: "பாடம் எனக்குத் தெரியாது மோளே. ஆனா கக்கூஸ்ல தண்ணி இல்ல, ரெண்டாவது மாடி வரைக்கும் பாத்தாச்சு." அந்தக் கல்லூரியின் வழவழப் புத்தகத்தில் அந்தத் தகவல் எங்கேயும் இல்லை.

உங்கள் பள்ளியில் படித்து அங்கே இப்போது படிக்கிற ஒரு பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. மாமா, பெரியப்பா என்று ஒரு வேன் நிறையப் போகாதீர்கள். பிள்ளை வாய் திறக்காது.

"உள்ள போய் என்னத்தப் பாக்க? எல்லாம் கட்டடம்தானே."

கட்டடத்தை விடுங்கள். ஆய்வகத்துக்குப் போங்கள். என் தங்கை மகனுக்காக வெளி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போயிருந்தோம். ஏசி போட்ட கணினி ஆய்வகம், வரிசையாக அறுபது கணினி, காட்டினவருக்கு ஒரே பெருமை. நான் குனிந்து விசைப்பலகையைப் பார்த்தேன். தினமும் கை படுகிற பலகையில் இடைவெளிக் கட்டையும் சில எழுத்துகளும் தேய்ந்து வழுக்கும். என் மையத்தில் இருப்பது அப்படித்தான் இருக்கிறது. அங்கே ஒரு எழுத்துகூடத் தேயவில்லை, இரண்டு திரையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இயந்திரப் பிரிவுப் பட்டறையிலும் அதே கதை. லேத் பக்கத்தில் ஒரு இரும்புச் சுருள்கூடக் கிடக்கவில்லை, தரை கழுவிவிட்ட மாதிரி. வேலை நடக்கிற பட்டறையில் எண்ணெய் வாடை இருக்கணும்.

அடுத்தது அறிவிப்புப் பலகை. யாரும் காட்டமாட்டார்கள், ஆனால் எல்லாரும் அதைக் கடந்துதான் போவார்கள். கடைசி அறிவிப்பின் தேதி என்ன? உள்மதிப்பீட்டுத் தேர்வு அட்டவணை ஒட்டியிருக்கிறதா? அபராதப் பட்டியல் மட்டும் நீளமாக இருக்கிறதா? எந்தெந்தக் கம்பெனி எந்தத் தேதியில் வந்தது என்று இருக்கிறதா? ஐந்து நிமிஷம் நின்று படித்தால் அந்தக் கல்லூரியின் ஒரு மாதம் தெரிந்துவிடும்.

நூலகத்தில் எத்தனை ஆயிரம் புத்தகம் என்று கேட்காதீர்கள். உங்கள் பாடத்தில் ஒரு புத்தகத்தை உருவி, பின் அட்டையில் ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டைப் பாருங்கள். சாயங்காலம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். அப்புறம் அந்த அம்மா பார்த்ததையும் பார்த்துவிடுங்கள்.

"அங்க படிக்கிறவங்ககிட்ட பேசச் சொல்றீங்க. கூச்சமா இருக்கு, என்ன கேட்க?"

கேன்டீனுக்குப் போய் ஒரு சாயாவும் பழம்பொரியும் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர்களிடம் "நான் அடுத்த வருஷம் சேரலாம்னு பாக்கேன்" என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே பேசுவார்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் புதுசு மோகம் போயிருக்காது, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பிடியுங்கள்.

"காலேஜ் நல்லாருக்கா?" என்று கேட்டால் "ம், பரவால்ல" என்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள்: நேற்று எத்தனை பீரியட் நடந்தது? போன பருவத்தில் உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர்? பாதி வருஷத்தில் போன ஆசிரியர் உண்டா? கட்டணம் தவிர வேறு எதற்கெல்லாம் காசு கேட்கிறார்கள்? தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் பருவத்தை எப்படித் தாண்டினார்கள்? கடைசிக் கேள்வியை நம் பக்கத்துப் பிள்ளைகள் அவசியம் கேட்கணும்.

"ராகிங் இருக்குமா?"

தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. எந்தக் கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழுவின் பெயர்களும் போன் எண்களும் எழுதிய பலகை கண்ணில் படும்படி இருக்கணும். இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய உதவி எண் 1800-180-5522. ஹாஸ்டல் பிள்ளைகளிடமும் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

"எய்டட், செல்ஃப் பைனான்ஸ்னு ஒரே காலேஜ்ல ரெண்டு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?"

சான்றிதழ் ஒன்றுதான். கட்டணம் வேறு, பல இடத்தில் வகுப்பு நேரமும் ஆசிரியர்களும்கூட வேறு. எய்டட் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது, அதனால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவை உங்கள் கட்டணத்தில்தான் நடத்தணும். சம்பளம் குறைவென்றால் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள்.

எனவே "பி.காம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பி.காம் எய்டடா, சுயநிதியா, எத்தனை மணிக்கு வகுப்பு, ஆய்வகம் இரண்டு பிரிவுக்கும் பொதுவா என்று கேளுங்கள். காலையில் போய் எய்டட் வகுப்பைப் பார்த்து மயங்கி, பிறகு சுயநிதியின் மதிய வகுப்பில் சேர்ந்தவர்கள் என் கடைக்கு வந்து புலம்பியிருக்கிறார்கள்.

"நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்னு போர்டு வச்சிருக்காங்களே?"

எதில் நூறு என்று கேளுங்கள். மொத்த மாணவர்களிலா, வேலைக்குப் பதிவு செய்தவர்களிலா, அரியர் இல்லாமல் தகுதி பெற்றவர்களிலா? ஒரே பிள்ளைக்கு மூன்று கம்பெனி வேலை கொடுத்தால் சில இடத்தில் மூன்றாக எண்ணுவார்கள். உங்கள் பிரிவில், போன வருஷம், எத்தனை பேர், என்ன சம்பளம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினால் புரிந்துகொள்ளலாம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்கிற பட்டியலில் இதையும் சேர்த்துவிடுங்கள்.

"ஹாஸ்டலைக் காட்டச் சொன்னா ஒரு ரூம் மட்டும் காட்டுறாங்க."

காட்டுவது மாதிரி அறை. காற்றோட்டத்தோடு, கட்டிலில் புது விரிப்போடு இருக்கும். பிள்ளைகள் இருக்கிற மாடியைப் பார்க்க விடமாட்டார்கள், அதில் தப்பும் இல்லை, அவர்களுக்கும் மானம் இருக்கிறதே. ஆனால் மெஸ்ஸைப் பார்க்கலாம். மதியம் ஒரு மணிக்குப் போய், காசு கொடுத்து ஒரு சாப்பாடு சாப்பிடக் கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கு மீன் இல்லாமல் ஒரு வாரம் ஓடாது, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சோறு வெந்திருக்கிறதா, தட்டில் எவ்வளவு மிச்சம் விட்டு எழுந்து போகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

பிறகு மூன்று கேள்வி. காலை ஆறரைக்கு ஒரு குளியலறைக்கு எத்தனை பேர் வாளியோடு நிற்கிறார்கள்? இரவு காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போக எத்தனை மணிக்கு விடுவார்கள்? நாகர்கோவில் வண்டியைப் பிடிப்பது கடைசிக் கேள்வியின் பதிலைப் பொறுத்தது.

"ஹாஸ்டல் வேண்டாம், தினமும் போய்ட்டு வரலாம்னு நினைக்கேன்."

அப்படியென்றால் போகிற பயணமே சோதனைதான். பதினோரு மணிக்கு காரில் போய்ப் பார்த்துவிட்டு "முக்கால் மணி நேரம்தான்" என்று கணக்குப் போடாதீர்கள். திங்கள்கிழமை காலை, வகுப்புக்குப் போகிற நேரத்தில், போகப்போகிற அதே பஸ்ஸில் போங்கள். மார்த்தாண்டம் மேம்பாலம் வந்த பிறகும் காலை நெரிசல் எப்படி என்று அந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டால் தெரியும். கொல்லங்கோட்டிலிருந்து நாகர்கோவிலுக்கு என்றால் வீட்டை விட்டு எத்தனை மணிக்கு இறங்கணும் என்பதை ஒரு நாள் செய்தே பார்த்துவிடுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு பாஸ் எங்கே வாங்குவது என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்கலாம். கல்லூரி பஸ் என்றால் உங்கள் ஊருக்கு உள்ளே வருமா, முக்கு ரோட்டில் நிற்குமா, வருஷத்துக்கு எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள்.

"நமக்கு திருநெல்வேலியைவிட திருவனந்தபுரம்தான் பக்கம். அங்க பாத்தா என்ன?"

தாராளமாகப் பாருங்கள். தாத்தா காலத்தில் இங்கே படித்தவர்களின் சான்றிதழிலேயே திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். ஆனால் போகிறதுக்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கும் இட ஒதுக்கீடும் எல்லையில் இருக்கிற களியக்காவிளையோடு முடிந்துவிடும். அங்கே பொறியியலுக்கு கீம் என்று தனித் தேர்வு, வெளிமாநிலத்தவருக்குத் தனி விதி. உங்கள் சாதிச் சான்றிதழ் அங்கே எந்தப் பட்டியலில் வரும் என்பதையும் அலுவலகத்தில் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

அகில இந்திய அளவிலான நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வலியமலையில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, பி.டெக் சேர்க்கை ஜேஇஇ அட்வான்ஸ்டு மூலம். விதுரையில் ஐசர் என்கிற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. அறிவியலில் ஆசை உள்ள பிள்ளை பிளஸ் ஒன்னில் ஒருமுறை இவற்றின் வாசலைப் பார்த்துவிட்டால் படிக்கிற வேகமே மாறும். முன் அனுமதி வாங்காமல் போகாதீர்கள்.

எல்லையில் இருந்துகொண்டு கேரளப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் இங்கே கவுன்சலிங்குக்கு இருப்பிடச் சான்றிதழ் வாங்கணும். கடைசி நாளில் ஓடி வராதீர்கள்.

"கோயம்புத்தூர், சென்னைக்கெல்லாம் போய்ப் பாக்க காசு எங்க இருக்கு?"

இல்லையென்றால் போகவேண்டாம், குற்றமில்லை. அந்த ஊருக்குக் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற வாய்ப்பு வந்தால் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். வராவிட்டால் அங்கே படிக்கிற நம் ஊர்ப் பிள்ளையிடம் வீடியோ காலில் நடந்து காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன அறிவிப்புப் பலகை, மெஸ், விசைப்பலகை எல்லாம் போனிலும் தெரியும். கல்லூரிக்காரர்கள் போட்ட வீடியோ வேண்டாம். அதில் எப்போதும் புல்வெளியும் டிரோனும்தான்.

"ஒருத்தர் பெங்களூர்ல நர்சிங் சேத்து விடுறேன், கார் செலவு வேண்டாம், பாத்துட்டு வரலாம்ங்காரு. போகலாமா?"

கார் செலவு யார் தலையில் என்று யோசியுங்கள். உங்கள் பிள்ளை சேர்ந்தால் அவருக்குக் கமிஷன். அவர் காட்டுகிற இடத்தை மட்டும் பார்த்து, அவர் கூட்டிவருகிற ஆளிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவீர்கள். நீங்களாக ரயிலில் போங்கள், அவரிடம் சொல்லாமல்.

நர்சிங் கல்லூரியில் வகுப்பறையைவிட முக்கியம் ஆஸ்பத்திரி. பிள்ளை பயிற்சி எடுக்கிற ஆஸ்பத்திரி எது, எத்தனை படுக்கை, அதில் நோயாளி இருக்கிறாரா என்று பாருங்கள். காலிக் கட்டிலில் ஊசி போடப் பழக முடியாது. கல்லூரிக்கு அந்த மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று அவர்கள் இணையதளங்களில் நீங்களே தேடிப் பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கிற பழைய சான்றிதழைக் காட்டி முடித்துவிடுவார்கள்.

"பாக்கத்தான் போனோம், 'இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க, சீட் போயிரும்'னு சொல்லிட்டாங்க. என்ன செய்ய?"

"வீட்டுல கேட்டுட்டு சொல்றோம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். பார்க்கப் போகிற நாளில் அசல் சான்றிதழையும் செக் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகவே கூடாது. கையில் இல்லாவிட்டால் கொடுக்க முடியாதே.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரணும், வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே சொன்ன விஷயம். பொறியியல் போன்ற படிப்புகளில் வகுப்பு தொடங்குமுன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி இருக்கிறது. விதியைச் சொன்னால் உடனே பணம் வரும் என்று நான் சொல்லவில்லை, இரண்டு மூன்று தடவை நடக்கவேண்டியிருக்கும். ரசீது இல்லாமல் கட்டிய பணத்துக்கு நடந்தும் பலன் இல்லை.

"அம்மாவுக்கு ஒரு காலேஜ் பிடிச்சிருக்கு, எனக்கு வேற ஒண்ணு. என்ன செய்யலாம்?"

இரண்டு பேரும் இரண்டு கல்லூரியையும் பார்த்தீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்கமாட்டீர்கள். அம்மா பயப்படுவது எதற்கு என்று கேளுங்கள். தூரமா, கட்டணமா, இரவு பஸ்ஸா? அந்த ஒன்றை மட்டும் சோதிக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை போங்கள். ஒரு பிள்ளை அப்படிக் கூட்டிப்போனபோது, அம்மா ஹாஸ்டல் வார்டனோடு அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து சம்மதித்துவிட்டார். வார்டன் நம் மாவட்டத்து இரணியல்காரர் என்பது காரணம் என்று பிறகு தெரிந்தது. சரி, காரியம் நடந்ததே.

"பாத்துப் பிடிச்ச காலேஜ் கட்-ஆஃப்ல கிடைக்கல. போனதெல்லாம் வீணா?"

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போட என் கடையில் உட்காரும்போது தெரியும். நாலு கல்லூரி பார்த்த பிள்ளை, பார்க்காத ஐந்தாவது கல்லூரியைப் பற்றியும் சரியாகக் கேட்கும். போன வருஷம் ஒரு பையனுக்கு முதல் விருப்பம் கைக்கு எட்டவில்லை. நோட்டைத் திறந்தான். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பக்கம்: பஸ் நேரம், அரியர் கணக்கு, ஆய்வகம், மெஸ் சாப்பாடு. "அக்கா, மூணாவது பக்கத்துல உள்ளதை மேல போடுங்க, ரெண்டாவதுல லேத் ஓடல" என்றான். பட்டியலை மாற்றிப் போட்டுப் பூட்ட பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அவனுக்குப் பின்னால் நின்ற ஆளுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது, நாலு தடவை சித்தப்பாவுக்கு போன் போட்டார்.